தொள்ளாயிரம் அடி

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் இல்லை என்பது ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். அதை மக்களுக்குப் புரியவைக்கப் போகிறேன் என்று ஒரு பெண், கலெக்டர் ஆபீஸ் அனுமதிக் கடிதத்தோடு, சென்ற மே மாதம் பொன்னமராவதி பஸ்ஸில் வந்து இறங்கியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெயர் பிளெஸ்ஸி. கும்பகோணத்தில் ஓவியம் படித்தவராம். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, தலையில் பனையோலைத் தொப்பி, முகமெல்லாம் வியர்வை. நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்.

"ரத்தினவேல் ஐயா நீங்கதானே? போர் ஏஜென்ட்?"

"நாந்தான். எங்க போடணும்?"

"போட வேண்டாங்க. இதுவரைக்கும் போட்டதெல்லாம் வேணும்."

இருபத்தாறு வருடமாக இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. யார் தோட்டத்தில் எந்த வருடம் எத்தனை அடி போட்டார்கள், தண்ணீர் வந்ததா வெறும் கல்பொடி வந்ததா, எல்லாம் மனப்பாடம். பேரன் பெயரைக் கேட்டால் ஒரு நொடி தடுமாறுவேன். ஞானமணி வீட்டுப் போர் எண்பத்தாறில் தொண்ணூறு அடி என்பது, நான் தொழிலுக்கு வருவதற்கு முந்தியது என்றாலும், தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

பிளெஸ்ஸி சொன்ன வேலை இதுதான். காய்ந்து கிடக்கும் கண்மாய்த் தரையில், கரையிலிருந்து உள்நோக்கி, ஊரில் போட்ட ஒவ்வொரு போருக்கும் ஒரு கோடு. போரின் ஆழம் எவ்வளவோ கோட்டின் நீளமும் அவ்வளவு. ஒரு முழ அகலத்துக்குத் தரையைச் செதுக்கிச் சுண்ணாம்புப் பொடி கொட்டுவது. தண்ணீர் கிடைத்திருந்தால் கோட்டின் முனையில் ஒரு நீல வட்டம். கிடைக்கவில்லை என்றால் கோடு சும்மா நின்றுவிடும். பழைய போர்கள் இடப்பக்கம், புதியவை வலப்பக்கம். உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று திறப்பு.

"மழைக்காலம் மாறிப்போச்சு, பெஞ்சா ஒரே நாள்ல கொட்டிட்டு ஓடிருது, வெயில் கூடிருச்சு, தண்ணி கீழ எறங்கிருச்சுன்னு எத்தனையோ பேரு மைக் வச்சுச் சொல்லிட்டாங்க ஐயா. கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிர்றாங்க. எவ்வளவு கீழன்னு ஒருவாட்டி நடந்து பாக்கட்டும்."

"நடந்தா மழ பெஞ்சிருமா?"

"பெய்யாதுங்க," என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. உட்காரச் சொன்னேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மொத்தம் ஐம்பத்து மூன்று போர். அதில் ஒரு எண் பொய். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. பழனிச்சாமி தோட்டத்து நாலாவது போர், 2017 ஏப்ரல், தொள்ளாயிரம் அடி என்று சொன்னேன். உண்மையில் போட்டது அறுநூற்று இருபது.

பழனிச்சாமிக்கு எண்பது தென்னை. எனக்கு அவன் சொந்தக்காரன் இல்லை. அவன் மனைவி செல்வராணி என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் அவன் எனக்கு மாப்பிள்ளை ஆனான். இரண்டு வருடத்தில் மூன்று போர் போட்டு மூன்றும் பொடி. நாலாவதற்கு வண்டி வந்து நின்ற காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மூணு தடவையும் நான் பக்கத்துலயே நின்னேன் மச்சான். என் மொகரையப் பாத்துட்டுத்தான் தண்ணி உள்ள போயிருது. நான் போயி அய்யனார் கோயில்ல ஒக்காந்துக்கிறேன். தொள்ளாயிரம் வரைக்கும் போடச் சொல்லுங்க. நீங்களே எண்ணிக்கங்க."

போர் போடும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, குழிக்குள் இறங்கும் இரும்பு ராடுகளை எண்ணுவது வழக்கம். ஒரு ராடு இருபது அடி. ஒன்று இறங்கினால் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தள்ளி வைப்பார்கள். வண்டிக்காரனை யாரும் நம்புவதில்லை, நம்பாததுதான் சரி. பழனிச்சாமி அந்தக் கூழாங்கற்களை என் கையில் கொட்டிவிட்டுப் போனான். ராசியில்லாத கண் படக்கூடாது என்று தன் தோட்டத்தை விட்டே போன மனிதன்.

முப்பத்தோராவது ராடு இறங்கியதும் துளை போடும் ஹேமர் பாறைக்குள் மாட்டிக்கொண்டது. அதை வெளியே எடுக்கவே இரண்டு மணி நேரம். அதற்குமேல் அந்தக் குழியில் ராடு விடமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டான். "கீழயும் இதே கல்லுதாண்ணே. தொள்ளாயிரம்னு சொல்லிருங்க" என்றான். சாயங்காலம் வண்டிக்கு வேறு ஊரில் வேலை. எனக்கு அடிக்கு இவ்வளவு என்று கமிஷன். அந்த மதியம் எனக்குப் பசியும் எடுத்தது. பெரிய காரணமாக ஏதாவது சொல்ல ஆசைதான். இல்லையே. மீதிப் பதினான்கு கல்லையும் நானே எடுத்து வரிசையில் வைத்தேன்.

பழனிச்சாமி திரும்பி வந்து கல் வரிசையைப் பார்த்தான்.

"ஈரங்கூட இல்லையா மச்சான்?"

"பொடிதான் மாப்ள."

"தொள்ளாயிரமும் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

குனிந்து ஒரு கை பொடியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். "அப்ப சரி," என்றான். கோபமில்லை, அழுகையில்லை. ஒரு காரியம் முடிந்துவிட்டது என்பது போலச் சொன்னான். இரண்டு மாதத்தில் குவைத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். 2019 ஆகஸ்டில் வேலை செய்த இடத்திலேயே வெயிலில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பதினேழு நாள் கழித்துப் பெட்டி வந்தது. நானும் ஒரு பக்கம் தூக்கினேன். அதற்குள் எண்பது தென்னையும் மொட்டையாகி நின்றன.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு எதற்குமே வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வண்டி பிடித்துக் கொடுத்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போலச் சில நாள் என்னை நானே கிள்ளிப் பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

ஆகவே பிளெஸ்ஸியிடம் தொள்ளாயிரம் என்று சொன்னபோது நாக்குத் தடுமாறவில்லை. எட்டு வருடம் சொல்லிப் பழகிய எண். எழுதி முடித்துவிட்டு அவர் பையிலிருந்து ஒரு பெரிய நைலான் கயிற்றுச் சுருளை எடுத்தார். ஜெகதாப்பட்டினத்தில் வலைக்காரர்களிடம் வாங்கியதாம். நுனியில் ஈயக்குண்டு, பத்து அடிக்கு ஒரு முடிச்சு.

"தண்ணி வராத போரையெல்லாம் ஒரு தடவ அளந்து பாத்துருவோங்க. வாய்க்கணக்கு மட்டும் போதாது."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று பைப் மேல் மாட்டியிருந்த இரும்பு மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். என் எண்ணுக்கும் கயிற்றுக்கும் ஐந்து அடி, பத்து அடி வித்தியாசம்தான் வந்தது. அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "தாலுகா ஆபீஸ்ல ஒங்கள ஒக்கார வைக்கணும் ஐயா," என்றார். இரண்டு நாளில் பதினெட்டுப் போர் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் பழனிச்சாமி தோட்டம்.

செல்வராணி அந்தத் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறாள். நூறுநாள் வேலைக்குப் போகிறாள். மகள் கௌசல்யா புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். எங்களைப் பார்த்ததும் செல்வராணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். பிளெஸ்ஸி கயிற்றை விட, நான் சுருளைப் பிடித்துக்கொண்டேன். ஐந்நூறு போயிற்று. அறுநூறு போயிற்று. அப்புறம் கயிறு தொய்ந்துவிட்டது.

"அறுநூத்திப் பதினெட்டு," என்றார் பிளெஸ்ஸி. "தொள்ளாயிரம்னீங்களே ஐயா?"

"உள்ள சரிஞ்சிருக்கும்மா."

"சரிஞ்சிருக்கும்," என்றாள் செல்வராணி. அவள் என்னைப் பார்க்கவில்லை.

பிளெஸ்ஸி கயிற்றைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார். "சரிஞ்ச மண்ணுன்னா மெத்துனு இருக்கும். இது பாறையில தட்டுதுங்க." நோட்டில் 618 என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். "நான் அளந்ததத்தான் போடுவேன். ஒரு கோடு தப்புன்னாலும் எல்லாத்தையும் கதைன்னுருவாங்க. அன்னைக்குக் கூட இருந்து எண்ணுனவங்க யாராச்சும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாத்துறேன்."

கூட இருந்து எண்ணியவன் நான்தான் என்று அப்போது சொல்லவில்லை. இரும்பு மூடியைத் திரும்ப மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

அன்று எனக்குப் பயம் வந்தது. செல்வராணிக்குத் தெரிந்துவிடும், கௌசல்யாவுக்குத் தெரிந்துவிடும், ஊர் முழுக்க நடந்து பார்க்கிற இடத்தில் என் பொய் வெள்ளையாகப் படுத்துக் கிடக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று உள்ளே வந்ததே என்று அந்தப் பயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. அது இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் மதியம் செல்வராணி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் புளி கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள்.

"செல்வராணி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒக்காருங்கண்ணே."

"அந்தப் போரு இருக்குல்ல..."

"முப்பத்தொண்ணு," என்றாள்.

நான் நின்றபடியே இருந்தேன். அவள் அருவாமனையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வண்டிக்காரவுகளுக்குச் சோறாக்கிக்கிட்டிருந்தேன். ராடு மாத்துறப்பல்லாம் மிசினு நின்னு நின்னு கத்தும்ல, அடுப்படிக்குக் கேக்கும். கரித்துண்டால செவுத்துல கோடு போட்டுக்கிட்டே வந்தேன். முப்பத்தொண்ணோட நின்னுருச்சு. அப்பறம் நீங்க கல்ல எடுத்து வச்சதையும் சன்னல் வழியாப் பாத்தேன்."

"அவன்ட்ட சொல்லலையா?"

"சொல்லல."

ஒரு புளியங்கொட்டை தெறித்து என் காலருகே விழுந்தது. அவள் அதை எடுத்துக் கொட்டைக் கூடையில் போட்டாள்.

"சொல்லியிருந்தா மறுபடி போட்டிருப்பாரு. வீட்ட வித்தாவது போட்டிருப்பாரு. மூணு போருக்கு என் காதுல கழுத்துல கெடந்ததெல்லாம் போச்சு. புள்ளைக்குன்னு இந்த வீடு ஒண்ணுதான் மிச்சம். நீங்க தொள்ளாயிரம்னீங்க, அவரு அப்ப சரின்னாரு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுண்ணே. அய்யனார் சத்தியமா, அப்பாடான்னு இருந்துச்சு. அப்பறம் குவைத்துக்குப் போறேன்னாரு. அதுக்கும் நான் சரின்னுட்டேன்."

இதைக் கேட்டு நான் ஏதாவது ஆகியிருக்க வேண்டும். கீழே விழுந்திருக்கலாம், தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். முந்தின நாள் வந்த பயம்கூடப் போய்விட்டது. மெதுவாக உட்கார்ந்து அவளோடு சேர்ந்து புளி உரிக்க ஆரம்பித்தேன். என்ன மனிதன் நான் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது, அதுவும் தூரத்தில் யாரையோ பார்த்து வருகிற அருவருப்பு.

"கண்மாயில அறுநூத்திப் பதினெட்டுன்னு கோடு கெடந்தா கௌசல்யா வந்து பாப்பா," என்றாள் செல்வராணி. "எங்கப்பா தொள்ளாயிரம் அடி தேடிட்டுத்தான் போனாருன்னு ஹாஸ்டல்ல எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கு அந்தப் புள்ள. ஏன் கொறையுதுன்னு கேக்கும். நான் என்னத்தச் சொல்ல?"

"உண்மையச் சொல்லிருவோம் ஆத்தா. நான் சொல்லிர்றேன், என் தப்புன்னு."

"நீங்க சொல்லி எறக்கி வச்சிருவீங்க. நான் எங்கிட்டு எறக்கி வைக்க?"

கூடையில் புளி தீரும்வரை இருவரும் உரித்தோம். எழுந்தபோது அவளே சொன்னாள்.

"எழுதிக் குடுங்கண்ணே. தொள்ளாயிரம்னு."

அன்றே எழுதிக் கொடுத்தேன். மேற்படி போர் என் முன்னிலையில் நாற்பத்தைந்து ராடு, தொள்ளாயிரம் அடி போடப்பட்டது, நானே எண்ணினேன், இப்படிக்கு ரத்தினவேல். பிளெஸ்ஸி அதை இரண்டு முறை படித்தார். "மத்ததெல்லாம் நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. உள்ள ஏதோ பெரிய கல்லு பேந்து அடைச்சிருக்கும் போல," என்று கேள்விக்குறியை அழித்தார். மற்ற எண்களை நான் ஒழுங்காகச் சொன்னதுதான் இந்தப் பொய்யைக் காப்பாற்றியது. அந்தப் பெண்ணை ஏமாற்றியதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

தரையைச் செதுக்க நூறுநாள் ஆட்களையே விட்டார்கள். செல்வராணியும் வந்தாள். பழனிச்சாமி கோடு கடைசிக்கு முந்தைய நாள் வந்தது. அறுநூற்றுச் சொச்சம் வரை நாலைந்து பேர் மண்வெட்டி போட்டார்கள். அதற்கப்புறம் செல்வராணி யாரையும் விடவில்லை, தானே வெட்டிக்கொண்டு போனாள். நான் பின்னால் சுண்ணாம்பு கொட்டிக்கொண்டே போனேன். இருநூற்று எண்பது அடி. வெயில் மண்டையைப் பிளந்தது.

திறப்பு அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் கரையில் கூட்டம். சாமியானா, மைக், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகள். கரை மேல் நின்று பார்த்தால் மொத்தமும் தெரிந்தது. இடது ஓரத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள், முனையில் நீல வட்டங்கள். நடுவில் கோடுகள் நீண்டுகொண்டே போய், வட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. வலது ஓரத்தில் வெறும் வெள்ளைக் கோடுகள் எங்கெங்கோ போய் நின்றன.

ஞானமணி தன் அப்பா போட்ட தொண்ணூறு அடியை நடந்தார். ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது. பிறகு மகன் மூன்று வருடத்துக்கு முன் போட்ட எழுநூற்று முப்பதை நடக்க ஆரம்பித்து, பாதியில் நின்று இடுப்பில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள குழாயத் தொறந்தா வருது, இம்புட்டுத் தூரத்துலருந்து வருதுன்னு யாரு கண்டா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு அதிகாரி நடந்துவிட்டு வந்து தண்ணீர் பாட்டிலை வாங்கியவர், அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் கேலி செய்த வேலை பலித்துக்கொண்டிருந்தது. ஊரே வெயிலில் நடந்து தன் கிணறுகளை அளந்தது.

எல்லாவற்றிலும் நீளமான கோட்டை பிளெஸ்ஸி மைக்கில் சொன்னார். பழனிச்சாமி, 2017, தொள்ளாயிரம் அடி, தண்ணீர் இல்லை. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. கௌசல்யா கரையிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னிடம் வந்தாள்.

"நீங்களும் வாங்க மாமா."

கோட்டை மிதிக்காமல் பக்கத்திலேயே நடந்தோம். அவள் அடி எண்ணிக்கொண்டு வந்தாள். அறுநூற்று இருபது எங்கே முடிகிறது என்பதற்குத் தரையில் எந்த அடையாளமும் இல்லை. எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தைத் தாண்டும்போது ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அடுத்த அடியை வைத்தேன்.

கோடு முடிந்த இடத்தில் அவள் நின்றாள். எதிரே வெடித்த கரம்பை மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. குனிந்து சுண்ணாம்பின் கடைசி நுனியைத் தொட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் போட்டிருந்தா வந்திருக்குமா மாமா?"

திரும்பிப் பார்த்தேன். செல்வராணி கரை மேல் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து அவளுக்கு எதுவும் கேட்காது. வந்திருக்குமா வந்திருக்காதா என்பது எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டாவது ராடில் வந்திருக்கலாம். நாற்பத்தைந்திலும் வராமல் போயிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை ஒரு மதியச் சோற்றுக்காக மூடிவிட்டேன்.

"வந்திருக்காதும்மா. கீழ எல்லாம் பாறதான்."

"அப்ப அப்பா எதையும் பாதில விட்டுட்டுப் போகல."

"இல்லம்மா."

அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசி ராடு வரைக்கும் நீங்கதான் அப்பாவுக்காக நின்னு எண்ணுனீங்களாம். அம்மா சொன்னாங்க," என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் கையை விலக்கிக்கொள்ளவில்லை.